அறுபத்தாறா, எழுபத்துமூன்றா?

ஒரு பொருளை வாங்குகிறவர்கள் ஓர் இனம், வாங்க வழியில்லாதவர்கள் ஓர் இனம். இந்த இரண்டு இனத்தையும் உங்களுக்குத் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. கையில் பணம் இருக்கும், மனத்தில் ஆசை இருக்கும், கடையும் திறந்திருக்கும், கடைக்காரர் வாசலில் நின்று கூப்பிடவும் செய்வார்; ஆனாலும் அது வாங்காது. தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கும். காலையில் தேர்ந்தெடுக்கும், மத்தியானம் அதை ரத்து செய்யும், சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இந்தத் தேர்வுப் பிராணியில் முழு வளர்ச்சி அடைந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமா? அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவுக்கு வாருங்கள். வெண்டல் குரோக்ஸ்டாட்டைக் காட்டுகிறேன்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட சரளைக்கல் குழி ஒன்று உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை அங்கே பல் டாக்டர், மாட்டு டாக்டர், தபால்காரர் என்று முப்பத்திரண்டு பேர் 1880-ஆம் வருடத்துக் கௌபாய் உடுப்பில் வந்து இறங்குவார்கள். அகலத் தொப்பி, கழுத்துக் கைக்குட்டை, குதிரையை முடுக்கப் பூட்ஸில் மாட்டிய, நடந்தால் கிணுகிணுக்கும் குதிமுள். குதிரை மட்டும் யாரிடமும் இல்லை. எல்லோரும் ஏசி போட்ட வண்டியில்தான் வருவார்கள். இது ஒரு துப்பாக்கி சுடும் சங்கம், ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பட்டப்பெயர். பல் டாக்டர் ஆர்லோ பிஞ்ச் சங்கத் தலைவர், அவர் பெயர் 'கடைவாய்க் கொள்ளையன்'. வெண்டலின் மனைவி நாடீனுக்கு 'சும்மா வந்தவள்'. வெண்டலுக்கு 'கரடுமலை மின்னல்'. மின்னல் என்பதை நான் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டது.

இவர்கள் சுடுவது இரும்புத் தட்டுகளை. சுடும் கருவி லீவர் துப்பாக்கி: விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். அந்தக் காலத்து அசல்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டதால் இவர்கள் வாங்குவது நகல். அந்த நகலும் இத்தாலியில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் செய்து, கப்பலேறி வருவது. எங்கள் மேற்கின் வீரப் பரம்பரை முழுவதும் இத்தாலிக்காரர்களின் கைவேலை என்பதை எங்கள் ஊரில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நகலில் மூன்று உண்டு. 1860, 1866, 1873 என்று அசல் பிறந்த வருடமே பெயர்: அறுபது, அறுபத்தாறு, எழுபத்துமூன்று. அறுபதுக்குக் குழலின் கீழே பிடித்துக்கொள்ள மரம் கிடையாது, நாலு சுற்று சுட்டால் இடது கை வெந்துவிடும். போதாததற்கு, தோட்டாக்களைத் தள்ளும் ஒரு சின்னக் குமிழ் குழலின் அடியில் பின்னோக்கி நகர்ந்து வந்து பிடித்திருக்கும் கையில் இடிக்கும். சுடுகிறவர் நடுவில் கையை எடுத்து அதற்கு வழிவிட வேண்டும். அறுபத்தாறு பித்தளையில் மஞ்சளாக மினுக்கும். எழுபத்துமூன்று இரும்பு, வேகம், வம்பில்லை. ஆனால் அதை எல்லோரும் வைத்திருக்கிறார்களே, வெண்டலும் அதையே வைத்திருந்தால் வெண்டலுக்கு என்ன மரியாதை?

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவர் ஏழு வருடமாக முயன்றுகொண்டிருந்தார். இத்தனைக்கும் மனிதர் வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியில். ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கூரைகளை ஏறிப் பார்த்து, இது ஒட்டுப்போட்டால் போதும், இது முழுவதும் மாற்ற வேண்டும் என்று பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்குகிறவர். ஊரார் கூரைக்குப் பத்து நிமிடம். தன் துப்பாக்கிக்கு ஏழு வருடம்.

அவர் மற்றவர் துப்பாக்கியைப் பரிசோதிக்கும் அழகே தனி. முதலில் கையுறையைக் கழற்றுவார். தூக்கி எடை பார்ப்பார், கண்ணுக்கு நேரே பிடித்துக் குழல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார், சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு திருகாகப் பார்ப்பார், கடைசியில் மரத்தை முகர்ந்தும் பார்ப்பார். பிறகு திருப்பிக் கொடுத்து, "நல்ல துப்பாக்கிதான். ஆனா..." என்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொந்தக்காரருக்கு அந்தத் துப்பாக்கியில் நிம்மதி இல்லை.

மாட்டு டாக்டர் ரெக்ஸ் பூகார்ட்டைக் கேளுங்கள். இளைஞர், ஆசையாகப் புது எழுபத்துமூன்று ஒன்று வாங்கி வந்தார். அசல் எழுபத்துமூன்று ரெக்ஸ் போடுகிற தோட்டாவுக்குச் செய்யப்பட்டதே இல்லை என்று வெண்டல் தகவல் தெரிவித்தார். தகவல்தான். திட்டவில்லை, கேலி செய்யவில்லை. ரெக்ஸ் அதை விற்று அறுபத்தாறு வாங்கினார். அசலில் மஞ்சள் இன்னும் கொஞ்சம் சிவப்போடும் என்று வெண்டல் தெரிவித்தார். ரெக்ஸ் அதையும் விற்று, மூன்றாவதாக ஒன்று வாங்கி, புதிதாகத் தெரியக் கூடாது என்று இரும்பின் மேல் கடுகு விழுதைப் பூசிக் கறைபடுத்திப் பழசாக்கிக் கொண்டுவந்தார். இது எங்களிடம் வழக்கம்தான். புதுசுக்குக் காசு கொடுப்போம், பழசாக்க உழைப்போம். வெண்டல் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எந்தக் கடுகு போட்டே? சாஸேஜுக்குத் தொட்டுக்கிற மஞ்சக் கடுகா? அடடா" என்றார். அந்த 'அடடா'வை ரெக்ஸ் இன்னும் மறக்கவில்லை.

சரி, சொந்தத் துப்பாக்கி இல்லாதவர் போட்டியில் எப்படிச் சுட்டார்? இரவல். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவருடையது. பத்துத் தட்டில் மூன்று விழும், நாலு விழும். உடனே துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துத் தலையை ஆட்டுவார், கொடுத்தவர் வெட்கப்படுவார். இதிலுள்ள வசதியைக் கவனித்தீர்களா? இரவல் துப்பாக்கியில் குறி தவறினால் அது துப்பாக்கியின் தவறு. தனக்கென்று பிறந்த துப்பாக்கி கைக்கு வரும் நாளில் பத்துக்குப் பத்துதான் என்று வெண்டல் மனதார நம்பினார். வீட்டில் கண்ணாடி முன்னால் துடைப்பக் கட்டையை வைத்துப் பழகும்போது ஒரு முறைகூட அவர் தவறவிட்டதில்லை. ஏழு வருடமாக அவரைச் சந்தோஷமாக வைத்திருந்தது இந்த நம்பிக்கைதான். வாங்கிவிட்டால் இது என்ன ஆகும் என்ற பயமும் ஓர் ஓரமாக இருந்தது. அதை அவர் நாடீனிடம்கூடச் சொன்னதில்லை.

ஏப்ரலில் ஆர்லோ தீர்மானம் கொண்டுவந்தார். மே மாதத்திலிருந்து இரவல் கிடையாது. சொந்தத் துப்பாக்கி இல்லாதவர் எலுமிச்சை சர்பத் ஊற்றிக் கொடுக்கலாம், சுட முடியாது. முப்பத்தொரு கை உயர்ந்தது. அதில் ஒன்று நாடீனுடையது. அவள் தன் அறுபத்தாறைக் கடைக்குள் நுழைந்த நாலாவது நிமிடத்தில் வாங்கியவள். ஏன் அது என்று கேட்டதற்கு, கண்ணில் பட்டது, பிடித்தது என்றாள். இப்படியும் ஒரு பதில் உண்டா என்று வெண்டல் ஒரு வாரம் வருத்தப்பட்டார்.

மே முதல் சனி. துப்பாக்கிக் கடைக்காரர் மூன்று நகலையும் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்துவிட்டார். எட்டு மணிக்கு வெண்டல் மேசைக்கு வந்தார். பத்தரை மணிக்கும் மேசையில்தான் இருந்தார். எழுபத்துமூன்று என்று முடிவாகும்போது அறுபத்தாறு மினுக்கும். அறுபத்தாறை எடுக்கப் போனால் அறுபது பாவமாகப் பார்க்கும். கடைக்காரர் இரண்டு முறை காபி குடித்துவிட்டு வந்தார். கடைசியாக 'கரடுமலை மின்னல்' என்று பெயர் கூப்பிட்டபோது வெண்டலின் கை அறுபதின் மேல் இருந்தது. அதனால் அறுபது. ஏழு வருட ஆராய்ச்சி இப்படித்தான் முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தால் தப்பு. எங்கள் போட்டியில் ஒரு சடங்கு உண்டு. சுடுகிறவர் இடத்தில் நின்று அன்றைக்கென்று எழுதிவைத்த வசனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மணி ஒலிக்கும், நேரம் ஓடும். மற்ற மாதங்களில் 'என் குதிரையைத் தொட்டவன் எவன்' என்கிற மாதிரி இருக்கும். அன்றைய வசனத்தை எழுதியவர் ஆர்லோ. பல்லைப் பிடுங்குகிறவருக்கு எதைப் பிடுங்க வேண்டும் என்று தெரியாதா? வசனம் இதுதான்: 'முடிவு பண்ணிட்டேன்.'

முன்னால் போன எல்லோரும் கணீரென்று சொல்லிச் சுட்டுவிட்டார்கள். நாடீன் ஒன்பது தட்டு அடித்தாள். வெண்டல் போய் நின்றார். வாயைத் திறந்தார். மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடிகாரத்தோடு பின்னால் நின்றவர் நம் ரெக்ஸ்.

"அண்ணே, வசனம்."

"முடிவு பண்ற மாதிரிதான் இருக்கேன்," என்றார் வெண்டல்.

"அது செல்லாதுண்ணே. எழுதியிருக்கிறத அப்படியே சொல்லணும்."

"கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துட்டேன்னு சொன்னா?"

"ஆர்லோ ஒத்துக்க மாட்டாரு."

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று. இந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் மேசையில் இருக்கும் மற்ற இரண்டும் போய்விடும், அவற்றோடு பத்துக்குப் பத்தும் போய்விடும். கூட்டத்திலிருந்து நாடீன் வேலியோரம் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, பாதிரியார் முன்னாடி நின்னு என்னைக் கட்டிக்க சம்மதம்னு சொன்னீங்கல்ல? அதே மாதிரி சொல்லிடுங்க."

"அதுக்கு நாலு வருஷம் எடுத்துக்கிட்டேனே, நாடீன்."

"எனக்குத் தெரியாதா? இப்ப சொல்லுங்க, சர்பத் சூடாவுது."

வெண்டல் கண்ணை மூடினார். "முடிவு பண்ணிட்டேன்."

மணி ஒலித்தது. முதல் குண்டு தட்டில் பட்டு டங்கென்றது. இரண்டாவது போயிற்று, மூன்றாவது போயிற்று, நாலாவது டங். ஏழாவதில் வளையத்தை இழுத்தால் தோட்டா ஏறவில்லை. குமிழ் வந்து அவர் கையில் இடித்து நின்றிருந்தது. அந்தக் குமிழைப் பற்றி ஏழு வருடமாக ஊருக்கே பாடம் நடத்தியவர், கையை எடுக்க மறந்துபோனார். பதறி எடுத்து, மிச்சத்தையும் சுட்டு முடித்தார். தவறியதை எண்ணும் மூவரும் விரல்களைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு கை போதவில்லை. ஆறு தவறு, நாலு தட்டு.

வெண்டல் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு பேரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள். திருகா, எடையா, மரமா, எது மாட்டப்போகிறது? பூதக்கண்ணாடி இருக்கும் பை வரைக்கும் கை போயிற்று. அங்கேயே நின்றது.

"துப்பாக்கி மேல குத்தமில்ல," என்றார். "எனக்குத்தான் சுட வரல."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். வானம் இடிந்து விழவில்லை. ஆர்லோ தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், ரெக்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டார், கடைசியில் வெண்டலும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மத்தியானம் மறுபடி சுட்டார்: மூன்று. அதற்கடுத்த மாதம் ஐந்து. பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையதுதான், ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வருவதாக நாடீன் சொல்கிறாள்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. உங்களுக்குத் துப்பாக்கியும் வேண்டாம், குழியும் வேண்டாம், நீங்கள் ரொம்ப நிதானமானவர். அவசரப்படாமல் நாலையும் விசாரித்து, இன்னும் இரண்டு பேரைக் கேட்டு, தள்ளுபடி வரட்டும் என்று பார்த்து, நன்றாக யோசித்துத்தான் எதையும் செய்வீர்கள். பாட்டு வகுப்பானாலும் சரி, எழுதப்போகும் நாவலானாலும் சரி, சரியான வாத்தியாரும் சரியான மேசையும் கிடைத்ததும் தொடங்கிவிடுவீர்கள். வெண்டலுக்குப் பத்தில் நாலு. உங்களுக்கு எத்தனை?