வீரர் சுவரில் பெக்கிர்

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ரஃபெத், சனக்கலே போரில் சண்டையிட்ட தன் கொள்ளுத்தாத்தா பெக்கிரைப் பற்றிப் பேச வேண்டும். போருக்குப் போன முன்னோர்களின் படங்கள் தொங்கும் பள்ளியின் வீரர் சுவரில் அவர் படத்தை ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. பேச்சுக்குத் தேதிகளைச் சரிபார்க்கலாமே என்று பதிவு அலுவலகத்தில் வம்சப் பதிவின் நகலை வாங்கியதுதான் வினை.

1912, பால்கன் போருக்கு உஸ்மானியப் படைக்கு ஆள் எடுத்த மாதம், பெக்கிர் காய்ச்சலில் இறந்திருந்தார்.

"அப்ப 1915ல சனக்கலேல சண்டை போட்டது யாரு?" என்றாள் மனைவி நஜியே, பீன்ஸ் நறுக்கியபடி.

"குமாஸ்தா தப்பா எழுதியிருப்பான்."

முப்பது வருடம் அதே பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து, பெக்கிரின் கதையைச் சொல்லியே பிள்ளைகளை அழவைத்தவர். விடுவாரா? மறுநாள் போய்ப் பழைய பதிவேட்டையே பிரிக்கச் சொன்னார். குமாஸ்தா அவருடைய பழைய மாணவன். உற்சாகமாகப் படித்தான்.

"தப்புதான் வாத்தியாரே. 1913ல 'உயிரோடு இருக்கிறார்'னு திருத்தியிருக்கு."

"பாத்தியா?"

"1915ல கிணத்துல விழுந்து செத்திருக்கார். இருங்க, அதையும் திருத்தியிருக்கு. 1921ல, சகர்யா போர் சமயம், இடி விழுந்து..."

"போதும்ப்பா."

வீட்டில் நஜியே புது நகலைப் பிடுங்கிப் பிள்ளைகள் பெயரைப் பார்த்தாள்.

"1913, 1916, 1922. செத்த மறுவருஷமெல்லாம் ஒரு பிள்ளை. மூத்தது உங்க தாத்தா."

"படத்துல பட்டாளத்து உடுப்புல இருக்காரே?"

"ஸ்டூடியோக்காரன் வச்சிருப்பான். பட்டன் சேரவே இல்ல, பாருங்க."

ரஃபெத் செல்போனில் படத்தைப் பெரிதாக்கினார். சேரவில்லைதான். இத்தனை நாள் வீரமாகத் தெரிந்த கண்கள் இப்போது வாசலைத் தேடுவதாகத் தோன்றின. அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் சேருமுன் போய், நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றினார். இறங்கினால், பின்னால் பள்ளிக் காவலாளி ஷாபான்.

"எங்க கொண்டுபோறீங்க வாத்தியாரே?"

"சட்டத்துல கரையான்."

"போன வாரம்தானே புதுச் சட்டம் போட்டோம்? பதிவேட்டைப் பாத்துட்டீங்களா?"

ஷாபான் படத்தை வாங்கி அதே ஆணியில் மாட்டினான்.

"உங்களுக்கு முன்னாடி இருபத்திரண்டு பேரு இப்படிக் கழட்ட வந்தாங்க. எல்லாத்தையும் நான்தான் திரும்ப மாட்டினேன். நெசமாவே சண்டைக்குப் போனவங்களுக்கு, படத்தைத் தூக்கிட்டு வர்றதுக்கு வாரிசு ஏது வாத்தியாரே?"