எக்ஸ்ட்ரா பெட் பேடா

இந்த முறை முடிவு எடுப்பது நான்தான் என்று முடிவு எடுத்துவிட்டேன்.

பதினெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் நானாக முடிவு செய்தவை இரண்டே இரண்டு. ஒன்று, மீசை வைத்தது. இன்னொன்று, அந்த மீசையை எடுத்தது. இரண்டாவதில் பாஞ்சாலியின் கை இருந்ததாக அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பாஞ்சாலி என் மனைவி. தொம்மலூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். அங்கே வருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்வார்கள். வீட்டில் எனக்கு மூடச் சொல்லி உத்தரவு.

நான் இளங்கோவன். பீன்யாவில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். மெஷின்களுக்குப் பராமரிப்பு என்று கம்பெனியை நாலு நாள் மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மெஷினுக்கே நாலு நாள் ஓய்வு என்றால் மனுஷனுக்கு? அன்று சாயங்காலம் ஆஸ்டின் டவுன் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தேன்.

"பாஞ்சாலி! நாலு நாளு கடற்கரை. பீச் ரிசார்ட். ஆல் இன்க்ளூசிவ். எந்த ரிசார்ட்டுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். இதுல யாரும் தலையிடக் கூடாது."

"செருப்பக் கழட்டிட்டு முடிவு பண்ணுங்க. இப்பத்தான் தொடச்சேன்."

கழற்றினேன்.

"அது இன்னாங்க ஆல் இன்க்ளூசிவ்?"

"எல்லாம் சேர்த்து."

"எல்லாம்னா?"

"எல்லாம்னா எல்லாம். ரூமு, சாப்பாடு, ஜூஸு, நீச்சல் குளம், கடலு, காத்து."

"காத்து வெளிய சும்மாவே வருதே."

"அது சும்மா வர்ற காத்து. இது சேர்த்து வர்ற காத்து."

ஆச்சரியம்! பாஞ்சாலி சண்டை போடாமல் ஒப்புக்கொண்டாள்.

"சரி, நீங்களே பாருங்க. எனக்கு ஒரே ஒரு கண்டிஷன். நாலு நாளும் நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன். யாருக்கும் துண்டு எடுத்துக் குடுக்க மாட்டேன். 'என் சட்ட எங்க, என் சாவி எங்க'ன்னு ஒரு கொரலு என் காதுல விழக் கூடாது. காலைல பத்து மணி வரைக்கும் தூங்குவேன். அந்த மாதிரி ஒரு எடம் வேணும்."

"இவ்ளோதானே? முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ."

"ரயில் டிக்கெட்ட மட்டும் நான் பாத்துக்கறேன்."

சில்லறை வேலை. தாராளமாக விட்டுக்கொடுத்தேன்.

அன்றைக்கே செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அரபிக்கடல் ஓரத்தில் மணலைவிட ரிசார்ட்டுகள் அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்றில் சீ வியூ. இன்னொன்றில் சீ ஃபேசிங். மூன்றாவதில் சீ டச். எதைப் படித்தாலும் முதலில் ஒரு "சீ" போட்டுத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. சாப்பாட்டுக்கு வந்ததும் தலை சுற்றியது. ஹாஃப் போர்டு என்கிறான். ஃபுல் போர்டு என்கிறான். போகிற இடத்தில் போர்டு எதற்கு, எழுதவா போகிறோம்? நல்லதாக நாலு ரிசார்ட்டைப் பொறுக்கி வைத்தால் நாலிலும் "ஏ.பி. பிளான்" என்று போட்டிருந்தது.

"ஏ.பி.ன்னா ஆந்திராதானே?" என்றாள் பாஞ்சாலி, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

"ஆமா. ஆந்திரா சாப்பாடு போல."

"மூணு வேளையும் கோங்குராவும் பருப்புப் பொடியுமா? உங்க வயிறு தாங்காது. போன தடவ மெஸ்ஸுல துன்னுட்டு வந்து ரெண்டு நாளு இன்னா பாடு பட்டீங்க!"

உண்மை. நாலையும் லிஸ்ட்டிலிருந்து அடித்தேன். அடித்து முடித்த பிறகு என் மகள் ரூபினி வந்தாள். பி.யூ.சி. முதல் வருஷம், அதாவது பிளஸ் ஒன் படிக்கிறாள். அப்பாவைத் திருத்துவது அவளுக்கு ஐச்சிகப் பாடம், அதாவது விருப்பப் பாடம்.

"அப்பா, ஏ.பி.ன்னா அமெரிக்கன் பிளான்."

"அமெரிக்காவுலயும் காரமா?"

"மூணு வேள சாப்பாடு சேர்த்துன்னு அர்த்தம்ப்பா."

"மூணு வேள சாப்பாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"தெரியாது. ஆனா ஆந்திராவுக்கு நிச்சயமா இல்ல."

அடித்த நாலையும் திரும்பத் தேடினேன். அதற்குள் மூன்றில் இடம் போய்விட்டது. மிஞ்சியது ஹொன்னாவர் பக்கத்தில் ஒரே ஒன்று. பெயர் கோகம் பே ரிசார்ட். ஒன்றுதான் மிச்சம் இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுப்பதும் தேர்ந்தெடுப்பதுதானே! மார்பை நிமிர்த்திக்கொண்டு, போன் போடப்போவதாகச் சொன்னேன்.

"ஏங்க, நான் பேசட்டுமா? கடக்கரப் பக்கத்துக் கன்னடம் வேற மாதிரி இருக்கும்."

"எனக்கா கன்னடம் தெரியாது?"

இங்கே என் கன்னடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வார்த்தை "பேக்கு". திருப்பத்தூரிலிருந்து வந்து பீன்யாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கேன்டீனில் பரிமாறுகிறவர் கரண்டியோடு என் முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, "பேக்கா?" என்றார். முதல் நாளே ஒருவன் என்னைக் கண்டுபிடித்துவிட்டானே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. "யாரப் பாத்துடா பேக்குங்கற?" என்று எழுந்துவிட்டேன். பாதிக் கேன்டீன் என்னைப் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதி சிரித்தது. கன்னடத்தில் அதற்கு "வேணுமா?" என்று அர்த்தமாம். பாவம், அவர் சாம்பார் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து இந்த ஊரில் யார் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாலும் நான் கோபப்படுவதில்லை. ஏதோ வேண்டியிருக்கிறது, கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வேண்டும் என்றால் "பேக்கு". வேண்டாம் என்றால் "பேடா". ஆமாம் என்றால் "ஹௌது". ஒந்து, எரடு, மூரு என்று எண்ணவும் தெரியும். இருபது வருஷமாக வால்வுகளை அப்படித்தான் எண்ணுகிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன பாஷை வேண்டும்?

போனை ஸ்பீக்கரில் போட்டேன். பாஞ்சாலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதிர்முனையில் நாணு என்று ஒருவர், ரிசார்ட்டில் புக்கிங் பார்க்கிறவர்.

"ரூம் பேக்கு," என்றேன் கம்பீரமாக.

"எஷ்டு ஜன ஸார்?"

"மூரு ஜன."

"ஊட்ட, திண்டி, எல்லா பேக்கா?"

"எல்லா பேக்கு!" சாப்பாடு, டிபன் எதையும் விடுவேனா?

பாஞ்சாலியைப் பார்த்தேன். எப்படி என்பது போல. அவள் தலையாட்டினாள். அதன்பிறகு நாணு கட கடவென்று ஏதோ சொன்னார். மழைக்காலத்து ஆறு மாதிரி ஓடியது அவர் கன்னடம். அதில் எனக்குப் பிடிபட்டது கடைசி வரி மட்டும்தான்.

"...எக்ஸ்ட்ரா பெட் பேக்கா, பேடாவா ஸார்?"

போனைக் கையால் மூடிக்கொண்டேன். "எக்ஸ்ட்ரா பெட் வேணுமான்னு கேக்கறான்."

"எதுக்கு அது? பேடா சொல்லுங்க," என்றாள் பாஞ்சாலி.

"பெட் பேடா!" என்றேன். சொல்வதற்கே நன்றாக இருந்தது.

"ஹாகாத்ரே... இப்பரேனா ஸார்?"

இப்பவேயா என்று கேட்கிறார். இப்போதே புக் செய்யவா, யோசித்துச் சொல்கிறீர்களா என்கிறார். நான் யோசிக்கிற ஆளா? பாஞ்சாலியைப் பார்த்தேன். அவளும் பலமாகத் தலையாட்டினாள்.

"ஹௌது, ஹௌது! இப்பவே!"

வேலை முடிந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முடிவு ஒன்று இந்த வீட்டில் தடையில்லாமல் நிறைவேறியது. பாஞ்சாலி அன்று ராகி முத்தைக் களிக்குப் பதிலாகப் பூரி சுட்டுப் போட்டாள். கேட்காமலே இரண்டு கூடுதலாக வைத்தாள். அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம். பாஞ்சாலி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ரிசார்ட்டிலிருந்து வந்திருந்த சீட்டைச் செல்போனில் பார்த்துவிட்டு, "ஐயையோ!" என்றாள்.

"இன்னா ஆச்சு?"

"ரெண்டு பேருக்குத்தாங்க போட்டிருக்குது."

"எப்படி? நான் மூரு ஜனன்னு தெளிவாச் சொன்னேனே!"

ரூபினி வந்து விசாரித்தாள். நான் போனில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அந்த ரூம்ல ரெண்டு பேருதான் தங்கலாம். மூணாவது ஆளுக்குத்தான் எக்ஸ்ட்ரா பெட். நீங்க பெட் வேணாம்னுட்டீங்க. 'அப்படின்னா ரெண்டே பேருதானா'ன்னு அவரு கேட்டிருக்காரு."

"எரடுன்னு ஒரு வார்த்தகூட அவன் சொல்லலையே!"

"பொருளுன்னாதான் எரடு. ஆளுன்னா இப்பரு."

எனக்குக் காலடியில் பூமி நழுவியது. இருபது வருஷமாக வால்வை மட்டுமே எண்ணியவனுக்கு ஆளை எண்ணத் தெரியாமல் போய்விட்டது.

"உடனே போன் போடு. இன்னொரு ஆளச் சேக்கலாம்."

"காலைலயே கேட்டுட்டேங்க. சீசனாம். ஒரு பெட்டுகூட இல்லியாம்."

அடடா, என்ன முன்யோசனை என்று நினைத்தேன். சாயங்காலம் தெரிந்த விஷயத்தைக் காலையிலேயே எப்படிக் கேட்டாள் என்று அந்தக் குழப்பத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"அப்போ யாரும் போக வேணாம்," என்றேன்.

"நல்லாருக்குதே கதை! கொழந்த ஆசப்பட்டுட்டா. நீங்களும் அவளும் போய்ட்டு வாங்க. எனக்குக் கடல்ல இன்னா வேல? என் ரயில் டிக்கெட்டும் வெயிட்டிங் லிஸ்ட்டுலயேதான் நிக்குது. சாமியே வேணாம்னு சொல்லுது."

"நீ லீவு போட்டுட்டியே, பாஞ்சாலி."

"போட்ட லீவத் திருப்பிக் குடுக்கவா முடியும்? நாலு நாளு வூட்லயே கெடக்கறேன். நீங்க சந்தோஷமா இருந்தா அதுவே எனக்குப் போதும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு வெங்காயம் இல்லாமலே கண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒருத்தியைத் தவிக்கவிட்டுவிட்டு நான் மட்டும் கடல் பார்க்கப் போவதா? என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை ரயிலில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். எனக்கும் ரூபினிக்கும் சேர்த்து ஒரே பேக். அதை மூன்று நாள் முன்னாலேயே பாஞ்சாலி கட்டி வைத்துவிட்டாள்.

ரிசார்ட் வாசலில் நாணு மாலை போட்டு வரவேற்றார். "இப்பரேனா ஸார்?" என்றார். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. "ஹௌது," என்றேன்.

மறுநாள் மத்தியானம். குறை ஒன்றும் இல்லை. சாய்வு நாற்காலி. முன்னால் கடல். உட்கார்ந்த இடத்துக்கே இளநீர் வருகிறது, மீன் வறுவல் வருகிறது. எல்லாம் சேர்த்துத்தான். ஆனால் சேர வேண்டியவள் மட்டும் சேரவில்லை. மீன் தொண்டையில் இறங்க மறுத்தது. மூன்று தட்டுக்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

"பாஞ்சாலி, என் கண்ணாடி எங்க?" என்று பழக்கதோஷத்தில் ஒரு தடவை குரல் கொடுத்துவிட்டேன்.

"தலையில இருக்குதுப்பா," என்றாள் ரூபினி.

மனசு தாங்கவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "பாஞ்சாலி, என்ன மன்னிச்சிடு. நீ இல்லாம இந்தக் கடலே வெறும் தண்ணியா இருக்குது. தனியா இன்னா பண்ற? சாப்டியா?" சொல்லும்போதே குரல் உடைந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் எனக்கு ஏதோ துக்கம் என்று நினைத்து டிஷ்யூ பேப்பர் கொடுத்தார்.

ஐந்து நிமிஷத்தில் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஆசையாகத் திறந்தேன். முதல் வார்த்தையிலேயே அது எனக்கு வந்ததல்ல என்று தெரிந்துவிட்டது. கீழ் வீட்டு டோரதிக்கு அனுப்ப வேண்டியதைக் கை தவறி எங்கள் குழுவில் போட்டிருக்கிறாள்.

"டோரதி! எந்திரிச்சதே பத்து மணிக்குத்தான்டி. அடுப்பு கிட்டயே போவல. பிரியாணி ஆர்டர் பண்ணிட்டேன், ரெண்டு பேருக்கு. சட்ட எங்க, சாவி எங்கன்னு கேக்க ஒரு ஈ காக்கா இல்ல. நான் கேட்ட ரிசார்ட்டு இதான்டி! பேக்கு அனுப்பியாச்சு, நாலு நாளைக்கித் தொல்ல இல்ல. சீக்கிரம் மேல வா!"

மறுபடி போட்டுக் கேட்பதற்குள் செய்தி மறைந்துவிட்டது. அழித்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேக் அனுப்பியாச்சா? பேக் எங்களோடுதானே வந்திருக்கிறது, ரூமில் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. கன்னடத்தில் பார்த்தால், "வேணும் அனுப்பியாச்சு" என்று வருகிறது. அப்படியும் பொருந்தவில்லை. இளநீரைக் கீழே வைத்துவிட்டு ரூபினியைக் கேட்டேன்.

"ஏம்மா, அம்மா சொன்னாளே பேக்கு, அது இங்கிலீஷா, கன்னடமா?"

ரூபினி ஐஸ்கிரீமிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தமிழ்ப்பா."