எண்பத்து நான்கு காதும் ஒரு நேயரும்

நேயர்களின் நலன் கருதி, செங்கல்பட்டு மக்கள் வானொலியின் ‘வெள்ளி கானம்’ நிகழ்ச்சியை வானலையிலிருந்து இறக்கி இணையதளத்தில் ஏற்றுவது என்று, நேயர் ஒருவரும் இல்லாத கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பதினோரு வருடமாக நிகழ்ச்சியை நடத்தும் சாராளுக்கு நகல் வந்தது. கடைசி வரி சிறியது. நேயர் எண்ணிக்கை நூற்றுக்குக் கீழே குறைந்தால் நிகழ்ச்சி நிறுத்தப்படும்.

சாராள் அஞ்சவில்லை. படாளம் தையல் கூடத்தில் மட்டும் நாற்பத்திரண்டு பெண்கள். வெள்ளி பதினோரு மணிக்கு பீரோ மேல் ரேடியோவை அலறவிட்டு, மிஷினை மிதித்தபடியே கேட்பார்கள். இதே போல இன்னும் இரண்டு கூடங்கள் இருந்தன.

இணையத்தில் முதல் வாரம் முடிந்தது. நேயர் எண்ணிக்கை: மூன்று.

இணைய மாற்றச் சிறப்பு அலுவலர் கோபாலகிருஷ்ணன் கூப்பிட்டனுப்பினார்.

“மூணு பேர்தாம்மா கேட்டிருக்காங்க. இன்னும் ஒரு வாரம்தான் டைம்.”

“மூணு போன் சார். ஒவ்வொண்ணையும் சுத்தி நாப்பது பேர் இருந்தாங்க.”

“சுத்தி இருந்தவங்க நேயர் இல்ல. ஒட்டுக் கேட்டவங்க.”

“ரேடியோவுல இத்தனை வருஷமா அப்படித்தானே சார் கேட்டாங்க?”

“அதைத் தடுக்கத்தான் இந்தத் திட்டமே.”

ஒவ்வொருவரையும் தனித்தனி நேயராகப் பதியவைக்க, மறுநாள் சாராள் படாளத்துக்கு பஸ் ஏறினாள். சட்டைக்குப் பித்தான் தைக்கும் வேண்டா என்பவள் பதிவுப் படிவத்தைப் போனிலேயே மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது, பாட்டு கேக்கறதுக்கு ஆதாரு?”

“ஆமா. முகத்தையும் போட்டோ எடுக்கணும். கண்ணைச் சிமிட்டணும்.”

“ரேசன் கடையிலயே வெரலு மட்டும்தான் கேக்கறான். நீ பாட்டுதான போடப் போற, பாமாயிலா குடுக்கப் போற?”

இருந்தாலும் அக்காவுக்காக எல்லோரும் கண்ணைச் சிமிட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு போன்களும் ஒரே பாட்டைப் பாடின. ஆனால் ஒரே நேரத்தில் பாடவில்லை. ஒரு போன் பல்லவியில் இருக்கையில் பக்கத்துப் போன் சரணத்தில் இருந்தது. மூலையில் ஒன்று பாட்டை முடித்துவிட்டு சாராளின் வணக்கத்தைச் சொன்னது. இந்தக் குழப்பத்தில் ஒருத்தி ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டாள். மேற்பார்வை பார்க்கும் ஞானம்பாள் வந்தார்.

“கேக்கறவ கேளு. ஆனா ஒரு போன்லயும் சத்தம் வரக் கூடாது.”

சத்தம் நின்றது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?’ ஆம் என்று அமுக்காவிட்டால் நேயர் நேயரல்லாதவர் ஆகிவிடுவார். எனவே வேண்டாவைப் பித்தான் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் விடுவித்தார்கள். போன்களைத் துணி வெட்டும் மேசையில் வரிசையாக வைத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து அவள் அமுக்கினாள். மற்றவர்கள் பீரோ மேல் ரேடியோவில் வேறொரு நிலையத்தின் சினிமாப் பாட்டு கேட்டார்கள். மற்ற இரண்டு கூடங்களும் இந்த முறையைப் பின்பற்றின.

எண்ணிக்கை: நூற்று இருபத்தாறு. நிகழ்ச்சி பிழைத்தது.

சாராள் நன்றி சொல்லப் போன் செய்தாள். “இன்னிக்குப் பாட்டெல்லாம் எப்படி இருந்துச்சு வேண்டா?”

“அத்த எங்கக்கா கேக்கறது? உனக்காவ அமுக்கிகினு கீறேன்.”

கோபாலகிருஷ்ணன் இந்த வெற்றியை மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் சுற்றறிக்கை அனுப்பியது. அலுவலகங்களும் பள்ளிகளும் விருப்பத்தின் பேரில் கட்டாயமாக நேயர்கள் ஆயின. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதும் நேயர்களின் ரசனையை ஆராய சிறுசேரி நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது: ஆயிரத்து நூற்று நாற்பது நேயர்களும் சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறார்கள்.

தொலைந்தோம் என்று சாராள் நினைத்தாள். கோபாலகிருஷ்ணன் முகம் மலர்ந்திருந்தது.

“மக்களுக்கு எது பிடிக்கலைன்னு இப்பதாம்மா தெளிவாத் தெரிஞ்சிருக்கு. சத்தம்.”

நேயர் விருப்பத்துக்கிணங்க ‘வெள்ளி கானம்’ இனி ஒலியின்றி ஒலிபரப்பாகும் என்று ஆணை பிறந்தது.

“அப்ப நான் வரணுமா சார்?”

“கட்டாயம் வரணும். நேரலை இல்லையா?”

“வந்து?”

“வழக்கம்போல நடத்துங்க. மைக்கை மட்டும் போடாதீங்க.”

மூன்று வெள்ளிக்கிழமை சாராள் ஒரு மணி நேரம் மைக்கின் முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். எண்ணிக்கையில் ஒன்று கூடக் குறையவில்லை. நான்காவது வாரம் ஒரு புகார் வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் ஒருவராவது கவனித்தாரே என்று அவசரமாகப் பிரித்தாள்.

‘போன வாரம் போட்ட பாட்டுகளையே இந்த வாரமும் போட்டிருக்கிறீர்கள்.’

மூன்று நாளில் விளக்கம் தருமாறு கோபாலகிருஷ்ணனின் குறிப்பாணை அதோடு இணைக்கப்பட்டிருந்தது. சாராள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், தவறுக்கு வருந்துவதாகவும் அடுத்த வாரம் முதல் புதிய பாடல்கள் இடம்பெறும் என்றும் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தாள். அன்று மாலையே அந்த நேயர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.