மேலிருந்து பார்த்த சைக்கிள் பாதை

செயற்கைக்கோள் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்த மாதத்து உண்மையைச் சொல்கிறது என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தேதி குறித்துவைக்கும் நான், அதைப் பார்க்கவில்லை.

என் மகள் தீபிகா பள்ளியில் கொடுத்த சைக்கிளில் நைனார்பாளையத்துக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் கரும்பு லாரி வந்தால் முள்ளுக்குள் இறங்க வேண்டும். அவள் கையில் கீறல் ஆறிய நாளே கிடையாது. சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்பதென்று கணினியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்தேன். சாலையின் இடப்பக்கம் நெடுக மஞ்சளாக ஒரு பட்டை.

"ஒரு வாட்டி நேர்ல போய்ப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"மேலேர்ந்து பாத்தாதான் தெளிவாத் தெரியும்" என்றேன். (தினமும் அதே சாலையில் பஸ்ஸில் போகிறவன்தான் நான். பஸ் ஏறியதும் புத்தகத்தைத் திறந்துவிடுவேன்.)

'உபயோகமில்லாத மண் ஓரம்' என்று எழுதி, நீள அகலம் அளந்து சாலைப் பொறியாளருக்கு அனுப்பினேன். மனிதர் வந்தே விட்டார். படத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். தார் முடிந்த இடத்தில் முள் தொடங்கியது.

"பாதை எங்க சார்?"

மாடு மேய்த்துக்கொண்டிருந்த செல்வி அக்கா படத்தை எட்டிப் பார்த்தார். "இன்னாத்த தேடிக்கினு இருக்கீங்க? ஐய, இது எங்க மக்காச்சோளம். அறுப்பு அப்போ ரோட்டுல காயப் போட்டோமே. சுத்தி வச்ச கல்லுகூடத் தெரியுது பாரு. களத்துல ஏது எடம், ஊரே இங்கதான் கொட்டுது."

"ஊரேவா? எவ்ளோ தூரத்துக்கு?" என்றார் பொறியாளர்.

அதைத்தான் நான் துல்லியமாக அளந்து கொடுத்திருந்தேனே.

பாதைக்கு இடமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த அறுவடைக்குள், சாலையில் தானியம் காயவைக்கக் கூடாது என்று பலகை வந்தது. செல்வி அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஆகாசத்துலேர்ந்து போட்டோ புடிச்சிப் போட்டுக் குடுத்த ஆளு நீ ஒருத்தன்தான்யா. வூட்டுல சோளம் ஈரமாக் கெடக்குது. உன் கம்ப்யூட்டர்லயே போட்டுக் காய வையி."

அதைவிடக் கொடுமை, கல்லும் சோளமும் கிடந்த மாதங்களிலாவது லாரிகள் ஊர்ந்து போயின. இப்போது முழுச் சாலையும் அவற்றுக்குத்தான். பயந்துபோய் சைக்கிளை நானே பூட்டி வைத்தேன். தீபிகா படிப்பை முடிக்கும்வரை பஸ்ஸுக்கு நின்றாள். (பஸ் நேரத்துக்கு வந்ததா என்று கேட்காதீர்கள்.)

இன்றும் வெளியூர் போகையில் நான் கைபேசியில் வழி பார்த்தால், பின்சீட்டிலிருந்து அவள் கேட்பாள்: "அப்பா, அது ரோடா, இல்ல யார்னா காயப் போட்டிருக்காங்களா?"

மனைவி சிரிப்பாள். நான் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய், எதிரே வருகிறவரிடம் வழி கேட்பேன்.