அப்பா முதல் மாணவராகத் தேறிய வகுப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். சுகம் என்று எழுதுவதற்கு முன் எழுந்து போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அப்பா வாசல் கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் நீ வக்கீல், இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிடுவாய். காகிதம் என்றால் கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்து, அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். "மறதி நோய்க்காரரை வச்சுப் பார்த்துக்கிறதுக்கு உனக்கு என்ன தெரியும்? படிச்சிருக்கியா?" என்று கேட்டாய் அல்லவா? எனக்கு ரோஷம் வந்து, ஆஸ்பத்திரி மாடியில் குடும்பத்தாருக்கென்று நடத்தும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். சிக்கல் முதல் நாளே தொடங்கியது. அப்பாவைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று நான் படிக்கப் போகும் நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே அவரையும் கூட்டிக்கொண்டு போய், கடைசி வரிசையில் உட்கார வைத்து, கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்தேன்.

அப்பா பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். அவர் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்த்து, 'பார்த்தாச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டியதில்லை. எதை மறந்தாலும் இதை மட்டும் அவர் மறக்கவில்லை. அன்று வகுப்பு நடத்தும் நர்ஸம்மா எங்களுக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளக் கற்றுக்கொடுத்தார். மனைவிக்காக வகுப்புக்கு வரும் பாங்க்காரர் ஒருவரை அதில் உட்கார வைத்திருந்தார். அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது எந்த ரூட்டு?"

இப்படிப்பட்டவர்களிடம் மறுத்துப் பேசக் கூடாது, அவர்கள் உலகத்துக்குள் நாம்தான் போக வேண்டும் என்று அப்போதுதான் நர்ஸம்மா பலகையில் பெரிதாக எழுதி முடித்திருந்தார். எழுதிய கையோடு மாட்டிக்கொண்டார்.

"மெயின் ரூட்டு சார்."

"மெயின் ரூட்டா? இந்த டயர வச்சுக்கிட்டா? யாருய்யா டிரைவர்?"

பாங்க்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "நான் வெறும் பயணிங்க."

"அப்ப இறங்குங்க. இந்த வண்டி போகாது."

அவர் இறங்கி நின்றார். அன்று பாடம் அத்தோடு முடிந்தது.

அடுத்த வகுப்பில்தான் பெரிய விபரீதம். நோயாளி எப்படித் தவித்துப் போவார் என்று நாமே நடித்துப் பார்த்தால்தான் புரியும் என்றார் நர்ஸம்மா. நான் நோயாளி, பாங்க்காரர் என்னைப் பார்த்துக்கொள்பவர். காலேஜில் நாடகமென்றால் திரை இழுக்கிற வேலையைத்தான் எனக்குக் கொடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஏக்கம் எங்கே ஒளிந்திருந்ததோ, "நான் வீட்டுக்குப் போகணும். நான் சாப்பிட்டேனா? நீங்க யாரு? நான் வீட்டுக்குப் போகணும்" என்று நான் உருகிய உருக்கத்தில் பாங்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா என் முன்னால் வந்து நின்றார்.

"பாப்பா, நீ சாப்பிட்டுட்டுத்தானம்மா வந்த?" என்றவர் நர்ஸம்மாவிடம் திரும்பி, "எத்தனை நாளா இப்படி? என்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லையே" என்றார்.

நர்ஸம்மா பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வகுப்பே பார்த்தது. 'மறுத்துப் பேசாதீர்கள்.'

"கொஞ்ச நாளாத்தான் சார்" என்றார் நர்ஸம்மா.

அன்றைக்கே அப்பா முதல் வரிசைக்கு மாறிவிட்டார். மற்றவர்கள் கொட்டாவி விடும்போதும் அவர் கண் பலகையை விட்டு நகராது. அவருக்குச் சந்தேகங்கள் வேறு. "அவ கோவப்பட்டா என்ன பண்றது?" என்று என்னை வைத்துக்கொண்டே கேட்பார். "பேச்சை மாத்திடுங்க சார்." "அதுக்கும் மசியலைன்னா? அவ பிறவியிலேயே பிடிவாதக்காரி." நான் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் பிடிவாதம் என்பார்கள்.

அது முதல் நான் அப்பாவின் பராமரிப்பில் இருக்கிறேன். கேலியாகச் சொல்லவில்லை அண்ணா. குளியலறைக் கதவில் 'குளியலறை' என்று ஒட்டியிருக்கிறார், நான் வழி தவறிவிடக் கூடாதென்று. இப்போது அவரும் தவறுவதில்லை. போன மாதம் வரை அவரைக் குளிக்க வைப்பது ஒரு யுத்தம். இப்போது, "பாரு, அப்பா எவ்வளவு சமத்தா குளிச்சிட்டு வரேன், அப்புறம் நீ போகணும், சரியா?" என்று தானே துண்டை எடுத்துக்கொண்டு போகிறார். எனக்கு எடுத்துக்காட்டாக இருக்க வேண்டுமென்று ஒழுங்காகச் சாப்பிடுகிறார். தெருவில் இறங்கிப் பணிமனையைத் தேடி நடந்துவிடுவார் என்று பயந்து கிடந்தேனே, அந்தத் தொல்லையும் இல்லை. நான் எங்கேயாவது போய்விடுவேன் என்று அவரே வாசலில் காவல் இருக்கிறார்.

இதில் ஒரே சங்கடம் என் வேலை. பையை மாட்டிக்கொண்டு, "லைப்ரரிக்குக் கிளம்பறேன்ப்பா, நேரமாச்சு" என்றால், "ஆமா ஆமா, போகலாம், போகாம எப்படி? முதல்ல காப்பியா டீயா, சொல்லு" என்பார். என்ன வேண்டும் என்று பொதுவாகக் கேட்கக் கூடாது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும் என்பது நர்ஸம்மா நடத்திய பாடம். நானும் காப்பி என்பேன். குடித்து முடிப்பதற்குள் நான் பிறந்த கதையைத் தொடங்கிவிடுவார். கேட்டுக்கொண்டே பையைக் கழற்றி வைத்துவிடுகிறேன். எங்கே கிளம்பினேன் என்பது எனக்கே மறந்துபோகிறது. தலைமை நூலகர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். இப்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். புத்தக வண்டிகளைச் சுற்றி வந்து சக்கரம் பார்க்கிறார்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். முந்தாநாள் மாலை என் மூக்குக்கண்ணாடியைக் காணாமல் வீடெல்லாம் தேடினேன். தலைமேலேயே இருந்தது. அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். சிரிக்கவில்லை. "பயப்படாத பாப்பா. மறக்கிறது ஒண்ணும் தப்பில்ல. நீ மறந்தா நான் ஞாபகம் வச்சுக்கிறேன்" என்றார். என் வயதில் ஒருத்தியிடம் இப்படி யார் பேசுகிறார்கள்? அவருக்குத் தேவைப்பட்டது தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி அல்ல, தான் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று தோன்றியது. எனக்கும் அதே தேவை இருந்திருக்கிறது போல. இது வகுப்பில் சொல்லித்தரவில்லை.

ஆகவே அண்ணா, இல்லம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ தாராளமாக வா, ஆனால் அப்பாவைப் பரிசோதிக்காதே. உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்து, "அண்ணனைத் தெரியுதா?" என்று கேள். நான் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன். மீதியை அப்பா பார்த்துக்கொள்வார். எதற்கும் மறுத்துப் பேசாதே. உன் தொழிலுக்கு இது கஷ்டம்தான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதானே.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரிய ஆளாகி, அப்பனைப் போல எல்லாவற்றுக்கும் வாதாடாமல் இருக்க என் ஆசிகள். கடிதத்தை உறைக்குள் போடுமுன் அப்பாவிடம் கொடுக்கிறேன். அவர் பார்க்காமல் எதுவும் கேட்டைத் தாண்டாது.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பி.கு.: மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. பார்த்தாச்சு. கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, விஷயம்தான் தலைகீழ். பாவம், எனக்கு மறதி என்று எழுதியிருக்கிறாள். நீ மறுத்துப் பேசாதே, ஆமாம் என்று சொல்லிவிடு. அவளுக்காக ஏதோ இல்லம் பார்த்து வைத்திருக்கிறாயாம். வேண்டாம். நான் இருக்கும்வரை அவள் இந்த வீட்டில்தான் இருப்பாள். வண்டி ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது. இன்னொன்று. இதே கடிதத்தை நேற்றும் எழுதி என்னிடம் கொடுத்தாள். அதையும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டும் வந்து சேர்ந்தால், இரண்டாவதையும் முதல் தடவை படிப்பதுபோலவே படி.