வேலுமணியைத் தெரிந்தவர் தேவை

எங்கள் கணபதிப் பகுதியில் முன்பின் தெரியாதவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. இது தானாக நடந்ததல்ல. தலைவர், செயலாளர், வாட்ஸ்அப் குரூப் எல்லாம் முறைப்படி ஏற்படுத்தி, இருபத்தேழு உறுப்பினர்கள் அரும்பாடுபட்டு அடைந்த நிலை. தலைவர், மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டும் சுந்தரராஜுலு. செயலாளர், அடியேன் அரங்கசாமி. பம்புசெட்டுக்கு வாஷர் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்டர் குறைவு, அதனால் விழிப்புணர்வு அதிகம்.

முதலில் ஒரு ஆள் மணி கேட்டான். மணி கேட்கிற சாக்கில் வாட்ச்சின் விலையை எடை போடுகிறான் என்று தலைவர் கண்டுபிடித்து, குரூப்பில் எச்சரிக்கை போட்டார். பிறகு ஒரு பெண், செருப்பு வார் அறுந்துவிட்டது, கைக்குழந்தையை ஒரு நிமிடம் பிடியுங்கள் என்று கேட்டாள். யாரும் ஏமாறவில்லை. அவள் குழந்தையை இடுப்பிலும் செருப்பைக் கையிலும் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனாள். அடுத்து ஒருவன் வீட்டு நம்பர் கேட்டு மூன்று நாள் இதே தெருவில் அலைந்தான். அவன் கூரியர்காரன் என்பதும், அவன் திருப்பி எடுத்துப் போனது என் பிரஸ் மெஷினுக்கு வரவேண்டிய உதிரிபாகம் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. பாதுகாப்பு என்றால் நாலு சங்கடம் இருக்கத்தான் செய்யும்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு பஸ் ஸ்டாப்பில் வேலுமணி வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டைக் காலரில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. போகிற வருகிறவர்களிடமெல்லாம் எதையோ கேட்டார், எல்லோரும் நகர்ந்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்.

"ஏனுங்கண்ணா, ரெண்டே நிமிசம் வந்து, என்னையத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போறீங்களா?"

இந்த ரகத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. செயலாளர் என்ற முறையில் மெய் சிலிர்த்தது.

"உங்களை எனக்குத் தெரியாதுங்களே."

"அதுனாலதானுங்க கேக்கறேன். தெரிஞ்சிருந்தா நீங்களே வந்திருப்பீங்க."

விஷயம் இதுதான். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவர். மகள் அன்புச்செல்விக்குப் பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் சீட்டு வந்திருக்கிறது. அன்று மாலை நாலு மணிக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மகள் அங்கே டோக்கனோடு வரிசையில் நிற்கிறாள். சான்றிதழ்கள் இருந்த நீல ரெக்சின் பையை இவர் பஸ்ஸில் வைத்துப்போட்டு இறங்கிவிட்டார். நல்ல கண்டக்டர், பத்திரமாக எடுத்து, எங்கள் தெரு முனையில் இருக்கும் தவறிய பொருள் ஒப்படைப்பு மையத்தில் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை சீக்கிரம் கிடைத்திருக்கும். இவரைத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வந்து சொன்னால்தான் பை கிடைக்கும் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம்.

எல்லோரும் வந்து குழு கூட மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. ஆளுக்கு நாலு கேள்வி கேட்டோம். ஒரு மணி நேரத்தில் அவர் எத்தனை தறி ஓட்டுகிறார், மனைவி எந்த மாத்திரை சாப்பிடுகிறார், மகளுக்கு உயிரியலில் எத்தனை மார்க் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. என் சொந்த மச்சானைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது.

"ஒண்ணு கூடத் தடுமாறாமச் சொல்றானுங்க," என்றார் சுந்தரராஜுலு. "நல்லாத் தயார் பண்ணிட்டு வந்திருக்கறான்."

"தடுமாறியிருந்தா?" என்று தையல் கடை தாஜுன்னிசா கேட்டார்.

"தடுமாறுனா அப்பவே தெரிஞ்சுருமே அம்மணி, பொய்யின்னு!"

வேலுமணியைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டோம். நேரில் விசாரிக்க நான் அவருடன் மையத்துக்குப் போனேன். தாஜுன்னிசாவும் கூட வந்தார். அவர் எங்கள் குழுவில் இல்லை. சேரச் சொல்லி இரண்டு முறை கேட்டும், தைக்க வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டவர்.

மையத்தின் அலுவலர் பிரவின்குமார் தங்கமான பையன். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை.

"வாங்க வேலுமணி, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி வேண்டாமுங்க சார். பையக் குடுத்தாப் போதுமுங்க. என்ற கார்டு அதுக்குள்ளதானுங்க இருக்குது."

"பாத்தனுங்க. போட்டோ அச்சு அசலா உங்க மாதிரியே இருக்குது."

"அப்பக் குடுத்துருங்க சார்."

"குடுக்கறதுக்கு முன்னால நீங்கதான் வேலுமணின்னு உறுதியாகணுமுங்க, வேலுமணி."

"கார்டப் பாத்து உறுதி பண்ணிக்கலாமுங்களே?"

பிரவின்குமார் வருத்தத்தோடு தலையசைத்தார். "அந்தக் கார்டு இப்ப உங்களுது இல்லீங்க. உரிமை கோரப்படாத பொருளின் உள்ளடக்கம். அத நீங்க சான்றாக் காட்டணும்னா மொதல்ல நீங்க அத வாங்கணும். வாங்கணும்னா சான்று காட்டணுமுங்க."

போனில் இருந்த படம் செல்லாது, அசல் வேண்டும். மகள் வந்து அடையாளம் காட்டலாமா என்றால், ரத்த சம்பந்தம் செல்லாது. செல்லக்கூடியது ஒன்றே ஒன்று, படிவம் ஏழு. 'மேற்படி நபரை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் நன்கு அறிவேன்' என்று கணபதிப் பகுதியில் நிரந்தர முகவரி உள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டும். கருமத்தம்பட்டிக்காரனுக்குக் கணபதியில் ஆளைத் தேடு என்று எழுதிய மகானை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

தாஜுன்னிசா பேனாவை எடுத்தார். "மூணு வருசம் என்ன, முப்பது வருசமாத் தெரியுமுங்க. எங்க கையெழுத்துப் போடோணும்?"

தாஜுன்னிசாவின் கார்டில் மதுக்கரை விலாசம் இருந்தது. இங்கே எட்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறார், ஆனால் வாடகை வீடு நிரந்தரம் ஆகாதாம். பிரவின்குமார் அதையும் வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இவரத் தெரியுமுங்களா?"

"நான் விசாரணைக்கு வந்தவனுங்க," என்றேன்.

வேலுமணி என் முகத்தைப் பார்த்தார். "காலைல இருந்து பேசிட்டிருக்கறமேங்கண்ணா."

"மூணு வருசம்னு போட்டிருக்குதுங்களே."

நான் பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. பட்டறையின் வரிக் கணக்கு வேறு விஷயம், அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார்.

மணி மூன்றேகால். மகளிடமிருந்து போன் வந்தது. "இதா வந்தர்றேன் கண்ணு, ஆள் கெடச்சுட்டாங்க," என்று சொல்லிவிட்டு வேலுமணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டத்தைப் பொருட்படுத்தாமல் கடமையில் உறுதியாக இருந்தேன்.

அப்போதுதான் சைதன்யா உள்ளே வந்தார்.

அவரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்தில் நாடாவில் தொங்கும் அடையாள அட்டை, அதில் மினுமினுக்கும் முத்திரை, கையில் டேப்லெட். 'பாதுகாப்பான குடும்பம்' திட்டத்தின் மண்டல ஒருங்கிணைப்பாளராம். அன்று காலை ஒன்பது மணியிலிருந்து எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், 'இது விழிப்புணர்வு பெற்ற இல்லம்' என்ற ஸ்டிக்கரை இலவசமாக ஒட்டிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டதுமே தன் இனத்துப் பையன் என்று முடிவு கட்டிய சுந்தரராஜுலு, "நம்ம பசங்களா? வாங்க, வாங்க," என்று உள்ளே கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்டிக்கர் இல்லாத வீடு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இரண்டு பேர் தேடிப்போய் ஒட்டிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று வாங்கினேன். போனுக்கு வரும் ரகசிய எண்ணை எக்காரணம் கொண்டும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் மூன்று முறை எச்சரித்தார். பிறகு, "உங்களுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்குமுங்களே, சொல்லுங்க," என்றார். சொன்னோம். அவ்வளவு நல்லபடியாக எச்சரித்தவரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மையத்தின் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பிரவின்குமாரிடமும் நம்பர் வாங்கிக்கொண்டு திரும்பியவர், சுவர்ப் பக்கம் நின்ற வேலுமணியைப் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு?"

தாஜுன்னிசா இரண்டே வரியில் சொன்னார். சைதன்யா முழுவதும் கேட்கக்கூட இல்லை. படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"எத்தன வருசமாத் தெரியுமுங்க?" என்று பிரவின்குமார் கேட்டார்.

"அஞ்சு."

அட்டையைப் பார்த்தார்கள். கணபதி விலாசம், முத்திரை, எல்லாம் கச்சிதம். அரை நிமிடத்தில் பை வேலுமணி கைக்கு வந்தது. வேலுமணி அதைத் திறந்துகூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்படியே தலை குனிந்து வணங்கினார்.

"பஸ்ல போனா நாலு மணிக்குள்ள போகமாட்டீங்க," என்றார் சைதன்யா. "வண்டில ஏறுங்க. எனக்கும் இங்க வேலை முடிஞ்சுது."

வண்டி கிளம்பியது. அதற்குள் குழுவோடு வாசலில் வந்து கூடியிருந்த சுந்தரராஜுலு கண் கலங்கி, "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பையன்!" என்றார். குழு உறுப்பினர்கள் கை தட்டினோம். நான் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன்.

நாலரை மணிக்கு வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது என்று எங்கள் போன்கள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. ஸ்டிக்கர் ஒட்டிய வீடு ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு இரண்டு ஸ்டிக்கர், இரண்டு கணக்கு. சைதன்யாவின் அட்டையில் இருந்த பெயர், விலாசம், திட்டம் மூன்றும் பொய் என்று போலீஸில் சொன்னார்கள். வழியில் போகிற யாரையும் நம்புவீர்களா என்று இன்ஸ்பெக்டர் திட்டினார். நாங்கள் யாரையும் நம்புவதில்லை என்று நிரூபிக்க, ஒரு வருடத்துக் குரூப் செய்திகளை எடுத்துக் காட்டினோம். பிரவின்குமார் தன் வாக்குமூலத்தில் ஒரே வரிதான் எழுதினாராம்: 'படிவம் ஏழு குறையின்றிப் பூர்த்தி செய்யப்பட்டிருந்தது.'

நாலாவது நாள் வேலுமணி திரும்பி வந்தார். கையில் மைசூர்பா பெட்டி. சீட்டு கிடைத்துவிட்டது, சைதன்யா சாரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். சுந்தரராஜுலு ஒன்று விடாமல் சொன்னார். கேட்கக் கேட்க அவர் முகம் வாடிப்போயிற்று.

"உங்க எல்லாருகிட்டயுமுங்களா?"

"எல்லாருகிட்டயும்."

"பாவமுங்க," என்றார். யாரைச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருந்தது. பெட்டியைத் திறந்து எங்கள் பக்கம் நீட்டினார். "நீங்களாச்சும் எடுத்துக்கங்க. அன்னிக்கி எனக்காகக் காலைல இருந்து கூடவே நின்னீங்க."

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையை நீட்டக்கூட நீட்டினேன். அதற்குள் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. என் பக்கத்தில் ஓரடி தள்ளி நின்ற சுந்தரராஜுலு அனுப்பியிருந்தார்: 'இனிப்பு கொடுத்து மயக்கும் கும்பல். யாரும் தொடவேண்டாம். உஷார்.' கையை மடக்கி, சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் தெருவில் பதினெட்டுப் பேருக்குச் சர்க்கரை வியாதி வந்தது.

தாஜுன்னிசா மட்டும் கடையிலிருந்து இறங்கி வந்து, இரண்டு துண்டு எடுத்து, வேலுமணியின் மகள் நன்றாகப் படிக்கவேண்டும் என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். வேலுமணி மீதியை அவரிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார்.

நாங்கள் யாரும் கலையவில்லை. தாஜுன்னிசா எப்போது மயங்கி விழுவார் என்று கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மைசூர்பாவை முடித்துவிட்டு, ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டி, இன்னொன்றுக்குக் கொக்கி தைத்தார். அரை மணி நேரம் ஆகியும் விழவில்லை. எங்களில் சிலருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.