பொங்கியண்ணனின் மூன்றடி யானை

மனிதர்களில் பெரிதாக்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார்; தெரு கொஞ்சம் நீளமாக இருந்தால் மூன்று பேர் தேறுவார்கள். ஊரில் தூறல் விழுந்தால் இவர் வாசலில் மட்டும் ஆள் உயரத்துக்கு வெள்ளம் போயிருக்கும். இவருக்கு வந்த காய்ச்சலைப் பார்த்துக் கோயமுத்தூர் டாக்டரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பார். பொய் சொல்கிறாரா? சேச்சே! தூறல் விழுந்தது நிஜம். காய்ச்சல் வந்ததும் நிஜம். அதை இவர் கொஞ்சம் இழுத்து விரித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

எலப்புள்ளியில் இந்த இனத்துக்குத் தலைவர் பொங்கியண்ணன். அவரிடம் ஒரு யானை இருந்தது. அவசரப்படாதீர்கள், யானையின் படம்தான். 1966இல் அவரும் மனைவி முத்தாத்தாளும் சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த மச்சினன் காளிச்சாமியைப் பார்க்கப் போனார்கள். அங்கே தோட்டத்து மானேஜரின் கேமராவைக் கடன் வாங்கி எடுத்த படம் அது. காகிதத்தில் விழுகிற படமல்ல. தீப்பெட்டி அகலத்தில், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிற கலர் ஸ்லைடு. பொத்தானை அமுக்கியவர் முத்தாத்தாள். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஸ்லைடை ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பதற்கு ஒரு கறுப்பு டப்பா உண்டு. வீட்டுக்கு உர மூட்டை விஷயமாக வந்தவரானாலும் சரி, கோயில் நோம்பிக்கு வரி வாங்க வந்தவரானாலும் சரி, முதலில் டப்பாவைக் கண்ணில் வைத்தாக வேண்டும்.

"ஒரு கண்ண மூடிக்கோங்க. தெரியுதுங்களா? ஒத்தக் கொம்பன். நடுக்காடு. எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கையகலம். நான் அதும்பட கண்ணையே பாத்தேன், அது என்ற கண்ணையே பாத்துச்சு. பொறவு, அதுதானுங்க தலையத் திருப்பிக்கிச்சு."

சொல்லி முடிப்பதற்குள் டப்பா அவர் கைக்குத் திரும்பியிருக்கும். முதல் வருஷம் அந்த இடைவெளி பத்து மார் தூரமாக இருந்தது. யானை ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு மார் நகர்ந்து, பத்து வருஷத்தில் கையகலத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. கதை தொடங்கியதுமே முத்தாத்தாளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மகளுக்கு வரன் வந்தது. அகளியில் தோட்டம், கிணறு, குணமான பையன். பையனின் அப்பா செங்கோட்டையன் தை மாதம் பேசி முடிக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பொங்கியண்ணன் யோசித்தார். கலியாணம் பேச வருகிற பத்துப் பேரும் வரிசையில் நின்று டப்பாவுக்குள் எட்டிப் பார்ப்பதா? கௌரவமாகச் சுவரில் அல்லவா இருக்க வேண்டும் யானை!

ஸ்லைடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். ஸ்டூடியோக்காரர், கலரில் பெரிதாக்குவதற்குப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்றார்.

"எவ்வளவு பெருசுங்க வேணும்?"

"எவ்வளவு ஆகுமோ அவ்வளவுங்க."

கேட்டது கிடைத்தது. சம்பந்தக்காரர்கள் வருகிற அன்று காலையில், மூன்றடிக்கு இரண்டடி, தேக்குச் சட்டம், கண்ணாடி எல்லாமாகப் படம் வந்து இறங்கியது. ஆணியடித்து மாட்டி, நாலு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்த பொங்கியண்ணன், அதே நாலு எட்டில் திரும்பப் படத்துக்குக் கிட்டே ஓடி வந்தார்.

பம்பாய்க்காரர்கள் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள். தீப்பெட்டி அளவில் வெறும் இருட்டாக இருந்த இடமெல்லாம் இப்போது துலக்கமாகத் தெரிந்தது. யானைக்குப் பின்னால் நடுக்காடு இல்லை. அறுத்து அடுக்கிய மரங்கள் இருந்தன. யானையின் பின்னங்காலில் சங்கிலி. சங்கிலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு பீடி பற்றவைக்கிறான் யானைக்காரன். அதுகூடப் போகட்டும். யானையைக் கண்ணோடு கண் பார்த்த மாவீரர், உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாகியிருந்த தம் முகத்தில், இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"முத்தாத்தா! இதென்ன புள்ள, கண்ணு மூடியிருக்குது?"

"அன்னிக்கே மூடித்தானுங்க இருந்துச்சு," என்றார் முத்தாத்தாள்.

"பத்து வருசமா ஏன் சொல்லுல?"

"நீங்க கேக்குலீங்களே."

கழற்றிவிடலாம் என்றால், சுவரில் கொட்டாவி விடுகிற வாய் மாதிரி ஆணி ஓட்டை தெரியும். போதாததற்குத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. சங்கிலியை மறைக்க ஒரு மாலை போடலாமா என்று பார்த்தார்.

"மாலையப் போட்டீங்கன்னா நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சுக்குவாங்க. பொறவு ஆருங்க பேசி முடிக்கறது?"

பொங்கியண்ணனுக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. தமக்காக இல்லை, மகளுக்காக. அகளிக்காரர்களுக்கு யானை என்பது பக்கத்து வீட்டு மாடு மாதிரி. ராத்திரி வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போகும். செங்கோட்டையன் ஒரு பார்வை பார்த்தால் போதும். இவ்வளவு பெரிய புளுகன் வீட்டில் பெண் எடுப்பதா என்று எழுந்து போய்விட்டால்?

அவர்கள் வந்தார்கள். பொங்கியண்ணன் கும்பிட்டு வரவேற்று, படத்தில் சங்கிலி இருந்த மூலையில் தோளைச் சாய்த்து நின்றவர்தான், அப்புறம் நகரவில்லை.

"உக்காருங்க மச்சான்," என்றார் செங்கோட்டையன்.

"இருக்கட்டுங்க, நீங்க உக்காருங்க."

வீட்டுக்காரர் நிற்கும்போது விருந்தாளி எப்படி உட்காருவார்? செங்கோட்டையன் நின்றார். அவர் நின்றதால் மற்ற ஒன்பது பேரும் நின்றார்கள். காப்பியை நின்றபடி குடித்தார்கள், உப்புமாவை நின்றபடி தின்றார்கள். வழியில் போனவர்கள் பார்த்திருந்தால் வாளையார் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

செங்கோட்டையன் தட்டை வைத்துவிட்டுப் படத்துக்குக் கிட்டே வந்தார். மேலே பார்த்தார். மூடிய கண்களைப் பார்த்தார்.

"மச்சான், சித்த அக்கட்ட நகருங்க."

நகராமல் என்ன செய்வது? செங்கோட்டையன் குனிந்தார். சங்கிலியைப் பார்த்தார். பீடிக்காரனைப் பார்த்தார். நிமிர்ந்து, பொங்கியண்ணனின் கையைப் பிடித்து மாட்டுச்சாளைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். முத்தாத்தாள் அடுப்படி வாசலில் அசையாமல் நின்றார். போச்சு, மகள் வாழ்க்கை போச்சு என்று பொங்கியண்ணனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

செங்கோட்டையன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், இத எங்கீங்க பெருசு பண்ணுனீங்க?"

"கோயமுத்தூருங்க. ஏனுங்க?"

"எங்கிட்டயும் இதே மாதிரி ஸ்லைடு ஒண்ணு கெடக்குதுங்க. புலி. நானும் புலியும் நேருக்கு நேரா."

"புலீங்களா!"

"புலிதானுங்க. என்ன, அது செத்து ரெண்டு நாளாயிருந்துச்சு. வாயத் தெறந்து நிக்கோணும்னு உள்ள ஒரு மூங்கக் குச்சி வெச்சிருந்தோம்." கொஞ்சம் தயங்கினார். "அந்தக் குச்சி மட்டும் வராம பண்ணித் தருவாங்களாங்க?"

பொங்கியண்ணன் அவரைக் கட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் வெற்றிலை பாக்கு மாறியது. வைகாசியில் கலியாணம்.

குச்சி வராமல் பண்ண முடியவில்லை. சின்ன ஸ்லைடில் நூலாக இருந்தது, மூன்றடிப் படத்தில் உழவு கோலாக வந்திருக்கிறது. சம்பந்தி வீட்டுக்கு எப்போது போனாலும் செங்கோட்டையன் புலியின் வாய்க்கு நேராகத்தான் நிற்கிறார். பொங்கியண்ணனும் அவரை உட்காரச் சொல்வதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தின் கிட்டே போய்ப் பாருங்கள். பட்டமளிப்புப் படமோ, வெளியூர்ப் பயணமோ, பெரிய மனிதர் பக்கத்தில் நின்றதோ, எதுவாக இருந்தாலும் சரி. போன வாரம் விருந்தாளி வந்தபோது எவ்வளவு சொல்லியும் உட்காராமல் அதன் ஒரு மூலையில் சாய்ந்துகொண்டே நின்றீர்களாமே? உங்கள் வீட்டு முத்தாத்தாள்தான் சொன்னார்.